அறிவியல் புனைகதையின் அருமை

நுழையும்முன்

கதை என்றால் எளிதில் விளங்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சில கதைகள் அவ்வாறு விளங்குவதில்லை. அவை வாசகரை இடையில் நிறுத்துகின்றன. கடந்துவந்த பக்கத்திற்கு மீண்டும் அனுப்புகின்றன. பழகிய உலகின் விதி ஒன்றை மாற்றிவிட்டு, அதன் விளைவை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றன. கருத்தை மையமாகக் கொண்ட அறிவியல் புனைகதைகள் அத்தகையவை. அவற்றின் கடினம் எதனால் வருகிறது, அதனை எவ்வாறு அணுகலாம், அதனால் பெறும் பயன் யாது என்பனவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

தமிழில் 'அருமை' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. செய்தற்குக் கடினமானது என்பது ஒன்று. சிறப்புடையது என்பது மற்றொன்று. எளிதில் கைக்கு எட்டாதது மதிப்புப் பெறுகிறது. மதிப்புடையதை அடைய முயற்சி தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் முன்னோர் ஒரே சொல்லில் வைத்தனர். கருத்தை முதன்மையாகக் கொண்ட அறிவியல் புனைகதைக்கு இச்சொல் இரு பொருளிலும் பொருந்தும்.

இவ்வகைக் கதையைத் தொடங்கிச் சில பக்கங்களிலேயே மூடிவைப்போர் பலர். 'இஃது அறிவியல் படித்தவர்க்கே விளங்கும்' என்பர் சிலர். 'நடவாத செய்திகளைப் படிப்பதால் என்ன பயன்?' என்பர் வேறு சிலர். இரு கூற்றுகளும் ஏற்கத்தக்கன அல்ல. இக்கதைகளை வாசிக்க அறிவியல் பட்டம் வேண்டியதில்லை. விடை கிடைக்கும்வரை வினாவைக் கைவிடாத பொறுமையே வேண்டும். தேர்வுத்தாளில் இடம்பெறும் வினா ஒவ்வொன்றிற்கும் விடைக்குறிப்பு உண்டு. வாழ்க்கை எழுப்பும் வினாக்கள் பலவற்றிற்கு அத்தகைய குறிப்பு இல்லை. விடைக்குறிப்பு இல்லாத வினாவோடு தங்கியிருக்கப் பழக்குவதால், மேல்நிலை வகுப்பு மாணவர் விரும்பிக் கற்க வேண்டிய இலக்கிய வகையாக இது விளங்குகிறது.

'இப்படியானால்?' என்னும் வினா

விண்கலமும் இயந்திர மனிதனும் இடம்பெற்றால் அஃது அறிவியல் புனைகதை என்று கருதுவது வழக்கம். கருவிகள் கதைக்கு ஆடையாகலாம். உயிராவது ஒரு வினாவே. 'உலகின் விதிகளுள் ஒன்று மாறினால் என்ன நிகழும்?' என்று வினவி, அதன் விளைவைத் தவறாத தருக்கத்தோடு இறுதிவரை பின்தொடர்வது கருத்துமையப் புனைகதையின் இயல்பு.

இம்மரபின் தொடக்ககால நூல்களுள் முதன்மையானதாகப் போற்றப்படுவது மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்'. 1816ஆம் ஆண்டுக் கோடையில் அவர் அதனை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. நூல் 1818இல் வெளிவந்தது. இறந்த உடலின் தசை மின்சாரத்தால் துடிப்பதை லூயி கால்வானியின் ஆய்வுகள் காட்டியிருந்த காலம் அது. 'உயிரற்ற உடலுக்கு மனிதன் உயிரூட்ட முடிந்தால்?' என்பது கதையின் வினா. பிராங்கென்ஸ்டைன் என்பதனை அந்த விந்தை உயிரின் பெயராகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அஃது அவ்வுயிரைப் படைத்த இளைஞனின் பெயர். படைக்கப்பட்ட உயிருக்குப் பெயரே இல்லை. அது பேசக் கற்கிறது, நூல்களைப் படிக்கிறது, அன்புக்கு ஏங்குகிறது. தான் ஆக்கியதைக் கண்டு அஞ்சிப் படைத்தவன் கைவிட்டு ஓடுகிறான். கதையின் அச்சம் இயந்திரத்தினின்றும் எழவில்லை. ஆக்கியவன் பொறுப்பேற்க மறுத்ததனின்றும் எழுகிறது.

1895இல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'கால இயந்திரம்' வாசகரைக் கி.பி. 8,02,701ஆம் ஆண்டுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே மனித இனம் இரண்டாகப் பிளந்துகிடக்கிறது. உழைப்பறியாமல் வாழ்ந்து வலிமை இழந்தோர் நிலத்தின்மேல் வாழ்கின்றனர். உழைத்தே இருளுக்குப் பழகியோர் நிலத்தின்கீழ் வாழ்கின்றனர். அக்கால இங்கிலாந்தில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே இருந்த பிளவு எட்டு இலட்சம் ஆண்டுகள் வளர்ந்தால் என்னாகும் என்பதே ஆசிரியர் எழுப்பிய வினா. காலத்தில் செல்லும் பொறி அவ்வினாவைச் சுமக்கும் வண்டி மட்டுமே. ஆதலின், எழுத்தாளர் முன்னுரைத்தது பலித்ததா என்று பார்த்து இக்கதைகளை மதிப்பிடுவது பிழையான அளவுகோல். அந்த ஆண்டு வரும்வரை காத்திருந்து எவரும் வெல்ஸைச் சரிபார்க்கப் போவதில்லை. அவர் கூறியது தம் காலத்து இங்கிலாந்தைப் பற்றியே.

திணை கற்றவர்க்குப் புதிதன்று

புதிய உலகம் ஒன்றினுள் நுழைந்து அதன் விதிகளைக் கற்றுக்கொண்டு வாசிப்பது தமிழ் மாணவர்க்குப் புதிய பயிற்சி அன்று. சங்க அகப்பாடலை முதன்முறை படிப்பவர்க்கும் இதே திகைப்பு ஏற்படுகிறது. மலையும் யாமமும் வந்தால் ஏன் கூடல்? கடலும் பொழுது சாய்தலும் வந்தால் ஏன் இரங்கல்? திணை மரபை அறிந்தபின் அதே பாடல் ஒளி பெறுகிறது. உள்ளுறையையும் இறைச்சியையும் கண்டுணர்வதற்கு வாசகரின் உழைப்பு தேவை என்பதைப் புலவர்கள் அறிந்தே பாடினர்; உரையாசிரியர்கள் அறிந்தே உரை வகுத்தனர்.

தொல்காப்பியம் அகப்பாடலின் உறுப்புகளாக முதல், கரு, உரி என்னும் மூன்றினைக் கூறுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் காணப்படும் விலங்கு, பறவை, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை. அவற்றுள் உரிப்பொருளே தலையாயது என்பது அந்நூல் காட்டும் நெறி.

அறிவியல் புனைகதையை அணுகவும் இந்நெறி துணை செய்யும். சங்கப் புலவர்க்கு நிலமும் பொழுதும் இயற்கை தந்தவை. அறிவியல் புனைகதை ஆசிரியரோ நிலத்தையோ பொழுதையோ தாமே மாற்றுகிறார். மாறிய நிலத்திற்கு ஏற்பக் கருப்பொருளை ஆக்குகிறார். பின்னர், 'முதல் மாறினால் உரி என்னாகும்?' என்று வினவுகிறார். வாசகர் முதற்பொருளில் நிகழ்ந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து, அது மனித உணர்வில் எங்கே சென்று முடிகிறது என்பதைப் பின்தொடர்ந்தால் கதையின் கதவு திறக்கும். வெவ்வேறு காலத்திலும் நாட்டிலும் தோன்றிய மூன்று படைப்புகளைக் கொண்டு இதனை விளக்கலாம்.

தளமே உலகானால்

முதலாவது, எட்வின் அபாட் 1884இல் வெளியிட்ட 'பிளாட்லேண்ட்'. இலண்டன் நகரப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். இக்கதையின் நிலத்திற்கு நீளமும் அகலமும் மட்டுமே உண்டு, உயரம் இல்லை. தாளின்மேல் வரைந்த உருவங்கள் உயிர்பெற்று வாழ்வதுபோல் முக்கோணங்களும் சதுரங்களும் அறுகோணங்களும் அங்கே வாழ்கின்றன. பக்கங்களின் எண்ணிக்கை மிகுந்தால் சமூக மதிப்பும் மிகும். வட்டங்கள் ஆளும் குருமார்கள். பெண்கள் வெறும் நேர்க்கோடுகள். அக்கால ஆங்கிலச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வை எள்ளி நகையாடும் அங்கதம் இது.

கதையை உரைப்பது ஒரு சதுரம். அதன் பேரன் அறுகோண வடிவினன், கணக்கில் வல்லவன். மூன்றின் வர்க்கமாகிய 9, பக்க அளவு மூன்றாகவுள்ள சதுரத்தின் பரப்பைக் குறிக்கிறது என்றால், மூன்றின் கனமாகிய 27 வடிவியலில் எதனைக் குறிக்கும் என்று அவன் வினவுகிறான். அது பொருளற்ற வினா என்று பாட்டனாகிய சதுரம் கடிந்துகொள்கிறது. அதன்பின் முப்பரிமாண உலகிலிருந்து ஒரு கோளம் வருகிறது. தளத்தை ஊடுருவும் கோளம் தளத்தில் வாழ்வோர்க்கு எவ்வாறு தோன்றும்? முதலில் ஒரு புள்ளி; பின்னர்ப் பெரிதாகும் வட்டம்; பிறகு சிறுத்து மறையும் வட்டம். இதனைக் கண்டும் சதுரத்தால் உயரம் என்பதனை உணர முடியவில்லை. அதன் மொழியில் 'மேல்' என்னும் திசைக்கு இடமே இல்லை. கோளம் அதனைத் தளத்தினின்றும் தூக்கி எடுத்தபின்னரே உண்மை புலப்படுகிறது.

கதையின் உயர்ந்த கட்டம் இதற்குப் பின்னரே வருகிறது. மூன்றாம் பரிமாணத்தைக் கண்ட சதுரம், அதே தருக்கத்தைத் தொடர்ந்து, நான்காம் பரிமாண உலகத்தையும் காட்டுமாறு கோளத்திடம் வேண்டுகிறது. அப்படியொன்று இல்லை என்று கோளம் சினம் கொள்கிறது. பேரனைக் கடிந்த பாட்டன் இருந்த இடத்தில் இப்போது கோளம் நிற்கிறது. தனக்குக் கீழுள்ளோரின் அறியாமையைக் கண்டு நகைத்தவர்க்கும் தமது அறிவின் எல்லை தெரிவதில்லை.

இங்கு மாற்றப்பட்டது நிலம். உரிப்பொருளாக நிற்பது, அறிந்ததைப் பிறருக்கு உணர்த்த இயலாதவரின் துயர். ஊர் திரும்பிய சதுரம் மூன்றாம் பரிமாணத்தைப் பற்றிப் பேசியதற்காகச் சிறைப்படுகிறது. அதற்குமுன் அது பேரனிடம் உண்மையைக் கூற முயல்கிறது. புதிய கருத்தைப் பேசுவோர் தண்டிக்கப்படுவர் என்னும் அரசாணையைக் கேட்டிருந்த சிறுவனோ, தான் முன்பு வினவியது வெறும் விளையாட்டு என்று கூறி ஒதுங்கிவிடுகிறான். வடிவியல் பாடம்போல் தொடங்கிய கதை, அச்சம் ஒரு குழந்தையின் வினாவை எவ்வாறு அணைக்கிறது என்பதில் வந்து நிற்கிறது.

அறிய இயலாக் கடல்

போலந்து நாட்டு எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட புதினம் 'சோலாரிஸ்'. இரு கதிரவன்களையுடைய சோலாரிஸ் என்னும் கோளின் பெரும்பரப்பை ஒரே கடல் மூடியுள்ளது. அக்கடல் ஓர் உயிர். அது சிந்திக்கிறதா, உணர்கிறதா, மனிதர் வந்திருப்பதை அறிகிறதா என்பது எவர்க்கும் தெரியாது. நூறாண்டுக்கும் மேலாக ஆய்வு நடைபெற்று, அதனைப் பற்றிய நூல்களால் நூலகமே நிறைந்திருக்கிறது. ஆயினும் கடல் விளங்கவில்லை.

ஆய்வுநிலையத்திற்கு வரும் கெல்வின் என்னும் அறிஞர் முன் அவருடைய இறந்துபோன மனைவி உயிருடன் தோன்றுகிறார். அவருடைய உள்ளத்தில் புதைந்திருந்த குற்றவுணர்வைக் கடல் எவ்வாறோ கண்டறிந்து உருவாக்கிய வடிவம் அது. இது தண்டனையா, பரிசா, ஆய்வா, விளையாட்டா? கடல் விடை கூறுவதில்லை. அவ்வடிவத்திற்கும் தான் யார் என்பது முதலில் தெரியாது. பின்னர் உண்மையை உணர்ந்து அது படும் வேதனையும் பொய்யாகத் தோன்றவில்லை. நகல் என்று அறிந்த ஒருவரை அன்பு செய்யலாமா என்னும் வினா கெல்வினைச் சுடுகிறது.

இப்புதினத்தில் வாசகர் பலரைத் தடுத்து நிறுத்தும் பகுதி ஒன்று உண்டு. சோலாரிஸைப் பற்றி முற்கால அறிஞர்கள் எழுதிய நூல்களும் அவர்களுடைய கோட்பாடுகளும் சண்டைகளும் பல பக்கங்களுக்கு விரித்துரைக்கப்படுகின்றன. கதை நகராமல் நிற்பதுபோல் தோன்றும். அப்பகுதியைக் கடந்து செல்வோர் நூலின் உயிரையே விட்டுச்செல்கின்றனர். பெயரிட்டும் வகைப்படுத்தியும் குறிப்பெழுதியும் மனிதர் எவ்வளவு அறிவைத் திரட்டினும், முற்றிலும் வேறான ஒன்றை விளங்கிக்கொள்ள அவை போதாமற் போகலாம் என்பதனை வாசகர் தாமே அந்தச் சலிப்பின் வழியாக உணர வேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கம். இங்குக் கடினம் குறையாக நிற்கவில்லை, பொருளாகவே நிற்கிறது.

வேற்றுக்கோள் உயிர்களைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் அவற்றைப் பகைவராகவோ நண்பராகவோ காட்டிவிடும். இரண்டும் மனித உறவுகளின் பெயர்களே. லெம் அந்த எளிய வழியை மறுத்தார். பிறிதோர் உயிரைத் தன் அளவைக் கொண்டே அளக்கும் மனிதரின் பழக்கத்தை அவர் வினவினார். மொழியும் பண்பாடும் வேறான மனிதரைச் சந்திக்கும்போதும் இப்பழக்கம் இடையூறாவதை எண்ணினால், கோளின் தொலைவு குறைந்துவிடும்.

முடிவை அறிந்த அன்பு

மூன்றாவது, அமெரிக்க எழுத்தாளர் டெட் சியாங் 1998இல் வெளியிட்ட 'உன் வாழ்வின் கதை' என்னும் நெடுங்கதை. இது 2016இல் 'அரைவல்' என்னும் திரைப்படமாக வெளிவந்தது. இதில் மாற்றப்படுவது பொழுது.

ஏழு உறுப்புகளையுடைய வேற்றுலக உயிர்கள் புவிக்கு வருகின்றன. அவற்றின் மொழியைக் கற்கும் பணி லூயிஸ் என்னும் மொழியியல் அறிஞரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவ்வுயிர்களின் எழுத்து, சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதில்லை. முழுக்கருத்தையும் ஒரே சித்திரமாக வரைகிறது. முதற்கோட்டை இழுக்கும்போதே இறுதிக்கோடு எங்கே சேரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வாசலில் சிக்குக்கோலம் இடுபவர் கைவைக்கும்முன்னரே இழையின் முழுவழியையும் உள்ளத்தில் கொண்டிருப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதற்கு அடித்தளமாக ஆசிரியர் எடுத்துக்கொள்வது இயற்பியல் மாணவர் அறிந்த பெர்மா தத்துவம். காற்றிலிருந்து நீருக்குள் செல்லும் ஒளி வளைந்து செல்கிறது. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும் வழிகளுள் மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழியே அது என்று இத்தத்துவத்தின் பொதுவான வடிவம் கூறுகிறது. கரையில் நிற்பவர் கடலில் தத்தளிப்பவரைக் காக்க விரைகிறார் எனக் கொள்வோம். நீந்துவதைவிட ஓடுவது விரைவு. ஆதலின் அவர் நேர்க்கோட்டில் செல்லாமல், கரையில் சற்றுக் கூடுதலாக ஓடிப் பின் நீரில் இறங்குவார். அவ்வாறு கணக்கிடுவதற்கு அவர் சேரும் இடத்தை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அவ்வாறெனில், ஒளி தன் முடிவை அறிந்தே புறப்படுகிறதா? இயற்பியல் இதற்குக் காரண காரிய முறையிலும் விளக்கம் தருகிறது. ஆயினும் நிகழ்வை இவ்வாறும் கூற முடிகிறது என்பதே சியாங்கின் கற்பனைக்கு விதை. புவியின் மாந்தர் காலத்தை ஒன்றன்பின் ஒன்றாக உணர்கின்றனர். வந்த உயிர்களோ முழுமையாக ஒருசேர உணர்கின்றன. அம்மொழியைக் கற்கக் கற்க லூயிஸின் உள்ளமும் அவ்வாறு மாறுகிறது.

இதனால் கதைநடையே விந்தையாகிறது. தாய் தன் மகளை நோக்கிப் பேசுகிறாள். இனி நிகழப்போவதை நினைவுகூர்கிறாள். தமிழ் வினைமுற்றில் இடைநிலை காலம் காட்டும் என்பதைக் கற்ற மாணவர் இவ்விந்தையைக் கூர்மையாக உணர முடியும். எதிர்காலத்தை இறந்தகாலம்போல் நினைக்கும் உள்ளத்திற்கு எந்த இடைநிலை பொருந்தும்? இலக்கணமாகக் கற்ற ஒன்று, இங்கே வாழ்வின் வினாவாகிறது.

மகள் இளமையிலேயே இறப்பாள் என்பதனைத் தாய் அவள் பிறப்பதற்கு முன்னரே அறிகிறாள். அறிந்தும் அவளைப் பெற்றெடுக்கிறாள். இயற்பியலும் மொழியியலும் கடந்துவந்த கதை இறுதியில் சேரும் இடம் தாயன்பு. முடிவு துயரமென அறிந்தாலும் அன்பு செய்வது தகுமா? கதை விடை கூறாது. வாசகர் கூற வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கியா, 'சுல்தானாவின் கனவு' என்னும் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளியானது. கமலா சத்தியநாதன் அவ்விதழின் ஆசிரியர். அக்கதையில் ஆண்கள் வீட்டினுள் அடங்கியிருக்க, பெண்கள் நாட்டை ஆள்கின்றனர். கதிரவனின் வெப்பத்தைத் திரட்டிப் பயன்படுத்துகின்றனர். மேகத்திலிருந்து நீரைப் பெறுகின்றனர். வழக்கத்தைத் தலைகீழாக்கியதன் மூலம் வழக்கத்தின் அநீதியை அவர் புலப்படுத்தினார். தமிழில் அறிவியல் புனைகதையைப் பரவலாக்கியவர்களுள் சுஜாதா (1935-2008) குறிப்பிடத்தக்கவர். அவருடைய 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய புதினங்களில் வரும் ஜீனோ, சிந்திக்கவும் உரையாடவும் வல்ல இயந்திர நாய்.

அருமையும் அதன் போலியும்

கடினமானவை அனைத்தும் சிறந்தவை ஆகா. விளங்காத கலைச்சொற்களை அடுக்கி, ஆழம் இருப்பதுபோல் காட்டும் கதைகளும் உண்டு. மெய்யான அருமையையும் போலியையும் பிரித்தறிய இரு சோதனைகள் போதும். முதலாவது, மறுவாசிப்பு. இரண்டாம் முறை படிக்கும்போது முன்பு இருண்டிருந்த இடங்கள் ஒளி பெறுமாயின் அக்கடினம் நேர்மையானது. எத்தனை முறை படிப்பினும் சொல்லின் முழக்கமே எஞ்சுமாயின் அது போலி. இரண்டாவது, நீக்கிப் பார்த்தல். மாற்றப்பட்ட விதியை எடுத்துவிட்டால் கதை நிற்கிறதா என்று நோக்க வேண்டும். விண்கலத்திற்குப் பதிலாகப் பேருந்தை வைத்தாலும் கதை மாறாது எனின், அங்கே அறிவியல் வெறும் ஒப்பனை. பிளாட்லேண்டிலிருந்து பரிமாணத்தையோ சியாங்கின் கதையிலிருந்து காலத்தையோ நீக்கினால் எதுவும் எஞ்சாது.

இவ்வகைக் கதைகளில் பாத்திரங்கள் உயிர்த்துடிப்பின்றி அமைகின்றன என்பது திறனாய்வாளர் சிலர் கூறும் குறை. இதில் உண்மை உண்டு. அபாட்டின் சதுரத்தை ஒரு சிறந்த நாவலின் தலைவனோடு ஒப்பிட இயலாது; அங்கே தலைமைப் பாத்திரம் கருத்தே. ஆனால் கெல்வினையும் லூயிஸையும் படித்தவர் இக்குறையைப் பொதுவிதியாகக் கொள்ளமாட்டார். முதலையும் கருவையும் மாற்றிவிட்டு உரியை மறந்த கதைகள் காலத்தில் நிலைப்பதில்லை. உரிப்பொருளே தலையாயது என்னும் தொல்காப்பிய நெறி இங்கும் அளவுகோலாகிறது.

போற்றத்தக்க படைப்போடும் வாசகர் முரண்படலாம். அர்சுலா லெ குயின் 1969இல் வெளியிட்ட 'இருளின் இடக்கை' என்னும் புதினத்தில் வரும் மக்கள் நிலையான ஆணோ பெண்ணோ அல்லர். ஆண், பெண் என்னும் வேறுபாடு இல்லையெனில் அரசும் போரும் நட்பும் எவ்வாறு அமையும் என்பது அதன் வினா. ஆயினும் அம்மக்களை ஆசிரியர் ஆண்பாற் சுட்டாலேயே குறித்தார். வாசகர் பலர் இதனை மறுத்தனர். லெ குயினும் பிற்காலத்தில் தம் கருத்தை மறுஆய்வு செய்தார். தமிழில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்ளும். 'அவர்' என்னும் சொல் இருபாலர்க்கும் பொருந்தும். ஆனால் அதில் மரியாதை கலந்திருப்பதால், நெருங்கிய நண்பரையும் வெறுக்கும் பகைவரையும் அச்சொல்லால் எவ்வாறு வேறுபடுத்துவது? ஒரு கதை தன் மொழியின் எல்லையையும் வாசகரின் மொழியின் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. ஏற்றுக்கொள்வதற்காக மட்டுமன்றி, எதிர்த்து எண்ணுவதற்காகவும் இத்தகைய நூல்களைப் படிக்க வேண்டும்.

வாசிக்கும் முறை

முதல் வாசிப்பில் தெரியாத சொல் ஒவ்வொன்றிற்கும் நின்றுவிடல் ஆகாது. புதிய உலகின் சொற்கள் பல, கதை நகர நகரத் தாமே பொருள் காட்டும். அவற்றைக் குறித்துக்கொண்டு மேலே செல்வதே முறை. அடுத்து, மாற்றப்பட்ட விதி யாது என்பதனைத் தம் சொந்த நடையில் ஒரே தொடரில் எழுதிப் பார்க்க வேண்டும். அத்தொடரை எழுத முடியவில்லை எனின், மீண்டும் தொடக்கத்திற்குச் செல்வதில் இழுக்கில்லை. பின்னர் அவ்விதியால் யார் துன்புறுகிறார், யார் பயனடைகிறார், ஆசிரியர் சொல்லாமல் விட்டது யாது என்று வினவ வேண்டும். கதைச்சுருக்கத்தை முன்னரே படித்துவிடுவது இவ்வகை நூல்களுக்குப் பொருந்தாது. சோலாரிஸின் கடல் விளங்காதது என்று சுருக்கம் ஒரு தொடரில் கூறிவிடும்; விளங்காமையை அனுபவிக்கும் வாய்ப்பை அது தாராது.

படித்தபின் ஒருவரேனும் உடன் உரையாடக் கிடைப்பது நன்று. லூயிஸின் முடிவு சரியா என்பதனை இருவர் பேசத் தொடங்கினால், கதையை இருவரும் வெவ்வேறாகப் படித்திருப்பது தெரியவரும். அவ்வேறுபாடு பிழையன்று, நூலின் விரிவு.

வினாவும் உரிமையும்

மரபணுவைத் திருத்தும் தொழில்நுட்பமும் மனிதரோடு உரையாடும் கணினியும் இன்று கதைகளைவிட்டு நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றை ஆக்குவோர் சிலரே. அவற்றோடு வாழ்வோர் அனைவரும். ஆக்கியவர் தம் ஆக்கத்திற்கு எவ்வளவு பொறுப்பாவார் என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன் இளம்பெண் ஒருவர் எழுப்பிய வினா இன்னும் முடிந்துவிடவில்லை. அதற்கு விடை காணும் பொறுப்பு அறிவியல் அறிஞரோடு நின்றுவிடுவதில்லை. வாக்களிக்கும் குடிமக்களுக்கும் உண்டு. மேல்நிலை வகுப்பில் பயில்வோர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் அக்குடிமக்களாகின்றனர். ஒரு மாற்றத்தின் விளைவைப் பல படிகள் முன்சென்று எண்ணிப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்குத் தேவை. அப்பயிற்சியை இன்பமாகத் தரும் இலக்கியம் இது.

மூன்றின் கனத்திற்கு வடிவியலில் பொருள் யாது என்று வினவிய அறுகோணச் சிறுவன், தண்டனைக்கு அஞ்சித் தன் வினாவை மறுத்துவிட்டான். அவனுடைய உலகில் அதற்கு இடமில்லை. வகுப்பறையில் அத்தகைய வினா எழுமாயின் அதற்கு இடமளிப்பது ஆசிரியரின் கடன். அதனை எழுப்புவதும், கைவிடாதிருப்பதும் மாணவரின் உரிமை.

கற்பவை கற்றபின்

1. உங்களுக்குப் பழக்கமான விதி ஒன்றை மாற்றி, 'இப்படியானால்?' என்னும் வினாவை ஒரே தொடரில் எழுதுக. அதன் விளைவுகளுள் மூன்றினை வரிசைப்படுத்துக.

2. நீங்கள் படித்த அல்லது பார்த்த அறிவியல் புனைகதை ஒன்றில் முதல், கரு, உரி ஆகியவை எவ்வாறு அமைந்துள்ளன என்பதை விளக்குக.

3. 'முடிவை முன்னரே அறிந்தாலும் லூயிஸ் எடுத்த முடிவு சரியானது' - இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக.